மனிதரா, இயந்திரமா? – ஆலன் டூரிங்கின் வாழ்க்கை



சென்ற ஆண்டு ஒரு மாலை நேரம். நம் கணிப்பொறி அறையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொண்டிருந்தாள். அன்றுதான் கடைசி நாள். எல்லா விவரங்களையும் எழுதி முடித்துவிட்டாள். இறுதியில் திரையில் ஒரு படம் தோன்றியது. ஒன்பது கட்டங்கள். சிக்னல் விளக்கு உள்ள கட்டங்களை எல்லாம் தொடும்படி சொன்னது. தொட்டாள், தவறு என்றது. விளக்கைத் தாங்கும் கம்பத்தையும் சேர்த்துத் தொட வேண்டுமோ என்று எண்ணி அதையும் தொட்டாள், மீண்டும் தவறு. அடுத்து, வளைந்து நெளிந்து ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும் எழுத்துகள் வந்தன. நான்காம் முறை தோற்றபோது அவள் கண்கள் கலங்கிவிட்டன. நான் மனுஷிதான் என்பதை இந்தப் பெட்டி ஏன் நம்ப மறுக்கிறது என்று என்னிடம் கேட்டாள்.

விண்ணப்பம் அன்றே போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் அவள் கேட்ட கேள்வி என்னோடு தங்கிவிட்டது.

அந்தப் புதிருக்குக் கேப்ட்சா என்று பெயர். ஆங்கிலத்தில் ஏழு எழுத்துகள் கொண்ட அப்பெயரின் நான்காம் எழுத்து, ஒரு மனிதரின் பெயரைக் குறிக்கிறது. அவர்தான் ஆலன் டூரிங். மனிதரையும் இயந்திரத்தையும் பிரித்தறிவது எப்படி என்ற கேள்விக்கு முதன்முதலில் ஒரு சோதனையை வகுத்துத் தந்த கணித மேதை. அம்மேதையின் வாழ்க்கையை நாம் அறிந்துகொள்வது நலம் அன்றோ?

பிரிவிலே வளர்ந்த பிள்ளை

டூரிங்கின் குடும்பத்துக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவருடைய அன்னை சாரா, 1881ஆம் ஆண்டு கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். சாராவின் தந்தை எட்வர்டு ஸ்டோனி, மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். துங்கபத்திரை ஆற்றின்மீது பாலம் கட்டியவர். டூரிங்கின் தந்தை ஜூலியஸ், சென்னை மாகாணத்தில் இந்திய ஆட்சிப் பணி அலுவலர். மூத்த மகன் ஜான் 1908ஆம் ஆண்டு குன்னூரில் பிறந்தார். இளையவரான ஆலன், 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் லண்டனில் பிறந்தார்.

ஆலனுக்கு ஒன்றேகால் வயது இருக்கும்போதே அன்னை கணவரிடம் இந்தியாவுக்குக் கப்பலேறினார். பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தின் தென்கடற்கரையில், ஓய்வு பெற்ற ஒரு படை அதிகாரியின் வீட்டில் விடப்பட்டனர். இந்தியாவில் பணிபுரிந்த ஆங்கிலேயர் தம் பிள்ளைகளை இப்படித் தாய்நாட்டில் விட்டு வருவது அந்நாளைய வழக்கம். சாராவும் சிறுமியாக இருந்தபோது பெற்றோரைப் பிரிந்து அயர்லாந்தில் வளர்ந்தவரே. விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவியருக்கு இந்தப் பிரிவின் கனம் புரியும்.

ஆலன் தனிமையில் வளர்ந்தார். எண்களும், செடிகொடிகளும், வேதியியல் சோதனைகளும் அவருக்குத் தோழர்களாயின. அவருடைய கையெழுத்து மோசமாக இருக்கும். சட்டையிலும் தாளிலும் மை படிந்திருக்கும். ஆசிரியர்கள் குறைபட்டுக் கொண்டே இருந்தனர்.

ஆனால் மன உறுதிக்குக் குறைவில்லை. 1926ஆம் ஆண்டு, 13 வயதில் ஷெர்போர்ன் என்னும் உறைவிடப் பள்ளியில் அவர் சேர வேண்டிய சமயத்தில் இங்கிலாந்து முழுவதும் பொது வேலைநிறுத்தம். ரயில் ஓடவில்லை. சிறுவன் ஆலன் என்ன செய்தார் தெரியுமா? சவுதாம்ப்டன் துறைமுகத்திலிருந்து சைக்கிளிலேயே புறப்பட்டார். இடையில் ஒரு விடுதியில் இரவு தங்கி, ஏறத்தாழ 97 கிலோமீட்டர் தூரத்தைக் கடந்து பள்ளிக்கு வந்து சேர்ந்தார்!

நண்பனின் மறைவு

அப்பள்ளியில் கிறிஸ்டோபர் மார்கம் என்னும் மாணவர் ஆலனுக்கு நண்பரானார். ஆலனைவிட ஒரு வயது மூத்தவர், அறிவியலில் சிறந்தவர். இருவரும் வானியலையும் கணிதத்தையும் பற்றி ஓயாமல் பேசினர். முதன்முறையாக ஆலனுக்கு மனம் விட்டுப் பேச ஓர் உயிர் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகைக்கான தேர்விலும் கிறிஸ்டோபர் வென்றுவிட்டார். ஆனால் 1930ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், காசநோயால் அவர் இறந்து போனார்.

ஆலன் நொறுங்கிப் போனார். நண்பரின் அன்னைக்கு ஆண்டுக்கணக்கில் கடிதங்கள் எழுதினார். உடல் அழிந்தபின் மனம் எங்கே போகிறது? சடப்பொருளாலான உடலில் மனம் எவ்வாறு குடியிருக்கிறது? இக்கேள்விகள் அவரை விடவில்லை. பிற்காலத்தில், இயந்திரம் சிந்திக்குமா என்று அவர் கேட்டபோது, அந்தக் கேள்வியின் வேர் இந்தத் துக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாளில் பிறந்த இயந்திரம்

1931ஆம் ஆண்டு டூரிங் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். 22 வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வாளராகத் தேர்ந்தெடுக்கப் பெற்றார். அக்காலத்தில் ஜெர்மானியக் கணித மேதை டேவிட் ஹில்பர்ட் எழுப்பிய ஒரு வினா கணித உலகை வாட்டிக் கொண்டிருந்தது. எந்தக் கணிதக் கூற்றைக் கொடுத்தாலும், அதை நிறுவ முடியுமா, முடியாதா என்று தீர்த்துச் சொல்லும் பொதுவான வழிமுறை ஒன்று உண்டா என்பதே அது.

வழிமுறை என்றால் என்ன என்பதையே டூரிங் முதலில் ஆராய்ந்தார். ஒரு நீண்ட நாடா; அதில் கட்டங்கள்; ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படித்து, எழுதி, அழித்து, அடுத்த கட்டத்துக்கு நகரும் ஓர் எளிய இயந்திரம். சமையற் குறிப்பைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் செய்வதைப் போல, அது தனக்குத் தரப்பட்ட கட்டளைகளை மட்டுமே செய்யும். இப்படி ஓர் இயந்திரத்தை மனத்திலேயே அமைத்து, ஹில்பர்ட் கேட்ட பொது வழிமுறை இருக்க முடியாது என்று 1936ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிறுவினார். கூடவே, கட்டளைகளை மாற்றினால் எந்த வேலையையும் செய்யவல்ல ஒரே பொது இயந்திரம் சாத்தியம் என்றும் காட்டினார். இன்று நம் மேசைமேல் இருக்கும் கணிப்பொறிக்கு அதுவே கருவாயிற்று.

இங்கே ஒரு செய்தி. கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல் அந்நாளில் இயந்திரத்தைக் குறிக்கவில்லை. கணக்குப் போடும் வேலையில் இருந்த மனிதரையே குறித்தது. அவ்வேலையில் இருந்தவர்களுள் பெண்கள் ஏராளம். மனிதரின் பெயர் இயந்திரத்துக்குப் போன கதை அது!

போர்க்காலப் புதிர்

1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் மூண்டது. டூரிங் பிளெட்ச்லி பார்க் என்னும் இரகசிய மாளிகைக்குப் பணிக்குச் சென்றார். ஜெர்மானியர் தம் செய்திகளை எனிக்மா என்னும் கருவியால் மறைத்து அனுப்பினர். அக்கருவியை 159 என்ற எண்ணுக்குப் பின்னால் 18 சுழியங்கள் இட்டால் வரும் அளவுக்கு வெவ்வேறு விதமாக அமைக்கலாம். அந்த அமைப்பையும் நாள்தோறும் மாற்றுவார்கள்.

போலந்து நாட்டுக் கணித அறிஞர்கள் மூவர் எனிக்மாவை முன்பே உடைத்திருந்தனர். போருக்குச் சற்று முன்னர்த் தம் கண்டுபிடிப்புகளைப் பிரிட்டனுக்குக் கொடையாக வழங்கினர். அந்த அடித்தளத்தின்மேல் டூரிங் புதியதொரு பொறியை வடிவமைத்தார். எனிக்மாவுக்கு ஒரு குறை இருந்தது. எந்த எழுத்தையும் அது அதே எழுத்தாக மாற்றாது. செய்தியில் இன்ன சொல் இருக்கும் என்று ஊகித்து, அக்குறையையும் துணைக்கொண்டு, பொருந்தாத அமைப்புகளைப் பொறி வேகமாக ஒதுக்கித் தள்ளியது. கார்டன் வெல்ச்மன் என்னும் கணித அறிஞர் அதை மேலும் திறம்படச் செய்தார். அட்லாண்டிக் கடலில் உணவுக் கப்பல்களை மூழ்கடித்த நீர்மூழ்கிகளின் செய்திகளைப் படிப்பது டூரிங் தலைமையேற்ற குழுவின் பொறுப்பு. எத்தனையோ மாலுமிகளின் உயிரை அவ்வுழைப்பு காத்தது.

அங்கே பணியாற்றியோரில் நான்கில் மூன்று பங்கினர் பெண்கள் என்பதை நம் மாணவியர் அறிய வேண்டும். அவர்களுள் ஜோன் கிளார்க் ஒருவர். கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவர். ஆயினும் பெண் என்பதால் பல்கலைக்கழகம் முழுப் பட்டம் தரவில்லை. பிளெட்ச்லியில் கணித வல்லுநராகப் பணி புரிந்தும், பெண்ணுக்கு உரிய ஊதிய வரிசை இல்லாததால், அயல்மொழி எதுவும் அறியாத அவரை மொழி வல்லுநர் என்று பதிந்துதான் ஊதியத்தைச் சற்று உயர்த்த முடிந்தது! பின்னர் அக்குழுவின் துணைத் தலைவராகவே உயர்ந்தார். 1941இல் டூரிங்குக்கும் அவருக்கும் திருமண நிச்சயம் ஆயிற்று. ஆனால் தம் மனம் ஆண்களையே நாடும் இயல்புடையது என்பதை டூரிங் அவரிடம் மறைக்காமல் சொன்னார். சில மாதங்களில் நிச்சயத்தைத் தாமே முடித்துக்கொண்டார். நட்பு மட்டும் நீடித்தது.

டூரிங்கின் பழக்கங்கள் பிறருக்கு வேடிக்கை. மகரந்தம் ஒவ்வாததால், நச்சுப்புகை முகமூடியை அணிந்துகொண்டு சைக்கிள் ஓட்டுவார். தேநீர்க் குவளை காணாமல் போகாதிருக்க அதைச் சங்கிலியால் பூட்டி வைப்பார். நீண்ட தூர ஓட்டத்திலும் வல்லவர். 1947இல் மாரத்தான் பந்தயத்தை 2 மணி 46 நிமிடங்களில் ஓடி முடித்தார்.

மறைந்திருந்து பேசும் விளையாட்டு

போருக்குப் பின் டூரிங் உண்மையான கணிப்பொறிகளை வடிவமைக்கும் பணியில் இறங்கினார். 1948இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். 1950ஆம் ஆண்டு மைண்டு என்னும் தத்துவ இதழில் அவர் எழுதிய கட்டுரைதான், இன்று நம்மைச் சோதிக்கும் புதிர்களுக்கு மூதாதை.

இயந்திரம் சிந்திக்குமா என்று கேட்டால் ஆளுக்கு ஒரு விடை சொல்வார்கள். ஆகவே அவர் அதை ஒரு விளையாட்டாக மாற்றினார். ஓர் அறையில் நடுவர். வேறிடத்தில் ஒரு மனிதரும் ஓர் இயந்திரமும். குரலோ முகமோ தெரியாது. தட்டச்சில் மட்டுமே கேள்வியும் பதிலும். யார் மனிதர் என்று நடுவரால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை என்றால், அந்த இயந்திரம் சிந்திக்கிறது என்று ஏற்பதில் என்ன தடை?

அக்கட்டுரையில் ஒரு சுவையான இடம் உண்டு. 34957உடன் 70764ஐக் கூட்டச் சொல்கிறார் நடுவர். பதில் தருபவர் அரை நிமிடம் போலத் தாமதித்து 105621 என்கிறார். நீங்கள் கூட்டிப் பாருங்கள். சரியான விடை 105721. மனிதராகத் தோன்ற வேண்டுமானால் இயந்திரம் சற்றுத் தயங்கவும், தவறு செய்யவும் கற்க வேண்டும் என்பதை டூரிங் புரிந்து வைத்திருந்தார்.

சமயச் சார்பான மறுப்பையும் அவர் புறக்கணிக்கவில்லை. சிந்தனை என்பது இறைவன் மனிதருக்கு மட்டுமே தந்த ஆன்மாவின் செயல் அல்லவா என்று சிலர் கேட்பர் என்பதை எடுத்துக்கொண்டு, இறைவனின் வல்லமைக்கு நாம் எல்லை வகுக்கலாமா என்று எதிர்க்கேள்வி எழுப்பினார். அவருடைய விடையை ஏற்பதும் மறுப்பதும் நம் உரிமை. ஆனால் கேள்வியைக் கண்டு அவர் அஞ்சவில்லை.

சட்டத்தின் கொடுமை

1952ஆம் ஆண்டு அவர் வீட்டில் திருட்டு நடந்தது. அவரே போலீசாரிடம் புகார் செய்தார். விசாரணையில், தமக்கும் ஓர் இளைஞருக்கும் இருந்த உறவை அவர் மறைக்கவில்லை. ஆண்களுக்கிடையே அத்தகைய உறவு அந்நாளைய ஆங்கிலச் சட்டத்தில் குற்றம். திருட்டுக் கொடுத்தவரே குற்றவாளிக் கூண்டில் நின்றார்! சிறைக்குப் போகிறாயா, உடலின் இயல்பை மாற்றும் மருந்தை ஓராண்டு ஏற்கிறாயா என்ற நிலை. அவர் மருந்தை ஏற்றார். அம்மருந்து அவர் உடலை வருத்தியது. இரகசியப் பணிகளுக்கான அனுமதியும் பறிபோனது. நாட்டுக்கு அவர் ஆற்றிய போர்க்காலத் தொண்டு பெரும் இரகசியமாக இருந்ததால், அதைச் சொல்லித் தம்மைக் காத்துக்கொள்ளவும் வழியில்லை.

அத்துயரத்திலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. விலங்குகளின் தோலில் புள்ளிகளும் கோடுகளும் எவ்வாறு தோன்றுகின்றன, சூரியகாந்திப் பூவில் விதைகள் ஏன் அத்தனை ஒழுங்காகச் சுழன்று அமைகின்றன என்று கணிதத்தால் விளக்க முயன்றார்.

1954ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், 42ஆம் பிறந்த நாளுக்குப் பதினாறு நாள் இருக்கையில், சயனைடு நஞ்சால் அவர் உயிர் பிரிந்தது. விசாரணை மன்றம் தற்கொலை என்று முடிவு செய்தது. சோதனையின்போது நேர்ந்த விபத்து என்றே அன்னை சாரா இறுதிவரை நம்பினார். மகனின் வாழ்க்கை வரலாற்றைத் தாமே எழுதி 1959இல் வெளியிட்டார். எனிக்மா இரகசியம் 1974இல்தான் உலகறிய வெளியாயிற்று. போத்தனூரில் பிறந்த அத்தாய் 1976இல் காலமானார்.

2009இல் பிரிட்டன் பிரதமர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2013இல் அரசியார் டூரிங்குக்கு மன்னிப்பு வழங்கினார். 2017இல், அவரைப் போலவே தண்டிக்கப்பட்டு இறந்த பலருக்கும் சட்டம் அதை விரிவாக்கியது. 2021 ஜூன் 23 அன்று, அவருடைய பிறந்த நாளில், அவர் உருவம் பொறித்த 50 பவுண்டு நோட்டு வெளிவந்தது. எல்லாம் நல்லவையே. ஆனால் எதையும் அவர் பார்க்கவில்லை.

தலைகீழான சோதனை

இனி நம் மாணவியின் கேள்விக்கு வருவோம். இணையதளங்கள் பெருகியபோது, மனிதரைப் போல நடித்து ஆயிரக்கணக்கில் பொய்க் கணக்குகளைத் தொடங்கும் நிரல்களும் பெருகின. அவற்றைத் தடுக்க, 2000ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் எழுத்துப் புதிர்களை அமைத்து, டூரிங்கின் பெயரையும் உள்ளடக்கிய பெயரை அவற்றுக்குச் சூட்டினர். டூரிங்கின் விளையாட்டில் நடுவர் மனிதர். இங்கோ நடுவர் இயந்திரம். சோதனை தலைகீழாகிவிட்டது.

அக்குழுவைச் சேர்ந்த லூயிஸ் வான் ஆன், மக்கள் இதில் செலவிடும் நேரம் வீணாகக் கூடாது என்று எண்ணினார். பழைய நூல்களிலும் நாளிதழ்களிலும் இயந்திரத்தால் படிக்க முடியாத சொற்களைப் புதிராகத் தந்தார். நாம் சலித்துக்கொண்டே தட்டிய சொற்களால் பழைய ஏடுகள் கணிப்பொறியில் ஏறின. ஆனால் நாளடைவில் இயந்திரங்களும் படிக்கக் கற்றுக்கொண்டன. எழுத்துகளை இன்னும் நெளித்தார்கள். மனிதருக்கே புரியாமல் போயிற்று. பார்வை இழந்தோர் பட்ட பாடு சொல்லி முடியாது. இன்று சில இடங்களில் புதிரே இல்லை. நம் விரல் எப்படித் தயங்குகிறது, எப்படி நகர்கிறது என்பதைக் கவனித்து முடிவு செய்கிறார்கள். தயக்கமே மனிதரின் அடையாளம் என்று டூரிங் காட்டியது இப்படி மெய்யாகிவிட்டது.

ஆகவே அன்பு மாணவியே, அன்று நீ நான்கு முறை தோற்றதற்காக வெட்கப்பட வேண்டாம். ஒரு கம்பம் விளக்கில் சேருமா, சேராதா என்று யோசித்தாயே, இயந்திரத்துக்கு அந்த ஐயமே வராது.

மனிதரை அறியும் சோதனையை வகுத்தவரை, அவர் காலத்து மனிதர்கள் மனிதராக நடத்தவில்லை. அவர்களுக்கு முகம் தெரிந்தது, குரல் கேட்டது, எந்தத் திரையும் இடையில் இல்லை. இருந்தும் தவறினார்கள். நம் வகுப்பில் மை படிந்த சட்டையோடு, ஒருவரோடும் சேராமல், வேறு விதமாகப் பேசிக்கொண்டு ஒருத்தி இருக்கலாம். நாளை காலை அவள் பக்கத்தில் சென்று அமருங்கள். அந்தச் சோதனையில் நாம் ஒருவரும் தோற்கக் கூடாது.